தலைக்காயம் பட்டவர் வீடு திரும்பிய பிறகு: வாசகர் கேள்வி பதில்

புளியரை முதல் வாளையார் வரை, மலைக்கு இரு பக்கமும் உள்ள ஊர்களிலிருந்து தலைக்காயம் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். உயிர் பிழைத்தாயிற்று, தையல் பிரித்தாயிற்று, இனி வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைக்கப்பட்ட குடும்பங்கள் எழுதியவை இவை. நரம்பியல் வார்டு செவிலியர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் மூவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். ஊர் மட்டும் போட்டிருக்கிறோம், பெயர் போடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு 38 வயது. ஆரியங்காவு வளைவில் பைக்கிலிருந்து விழுந்து 23 நாள் திருவனந்தபுரத்தில் வைத்திருந்தோம். வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆகிறது. நடக்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், கெட்ட வார்த்தை பேசுகிறார். போன வாரம் பிள்ளையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். முன்னால் அதிர்ந்துகூடப் பேசமாட்டார். மாமியார் செய்வினை என்கிறார். (வாசகி, புளியரை)

செய்வினை இல்லை, அவருடைய குணமும் மாறிவிடவில்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதிதான் நமக்குக் கோபம் வரும்போது "பொறு" என்று இழுத்துப் பிடிப்பது. மண்டை ஓட்டின் அடித்தளம் அந்த இடத்தில் வழவழப்பாக இருக்காது, மேடும் பள்ளமுமாகச் சொரசொரத்திருக்கும். வண்டி வேகத்தில் தலை மோதும்போது மூளை அதன்மேல் உராய்ந்து கன்றிப்போகிறது. பின்மண்டை தரையில் அடித்தாலும் முன்பகுதி காயப்படுவது இதனால்தான். கையைத் தூக்க முடியாதவரைக் "கையைத் தூக்கு" என்று திட்டமாட்டோம் அல்லவா? இவரால் கோபத்தைப் பிடிக்க முடியாததும் அதே மாதிரிதான்.

ஒரு நோட்டு எடுங்கள். ஏழு நாளைக்கு, அவர் கோபப்பட்ட ஒவ்வொரு தடவையும் நான்கே விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, அதற்கு முன் பத்து நிமிடம் வீட்டில் என்ன நடந்தது, என்ன செய்தார், எதனால் அடங்கியது. காரணமில்லாமல் வருவதாகத் தோன்றும் கோபத்துக்கு இந்த நோட்டில் ஒரு ஒழுங்கு தெரியும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும் நேரம், டிவி ஓடிக்கொண்டிருக்கும், குக்கர் விசிலடிக்கும், நீங்கள் அடுப்படியிலிருந்து ஏதோ கேட்பீர்கள். காயம்பட்ட மூளைக்கு நாலு பக்கச் சத்தத்தையும் பிரித்து வாங்கத் தெம்பு கிடையாது. அதுவும் சாயங்காலம் ஆக ஆகக் களைத்துப்போகும். அப்படித் தெரிந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 30 முதல் 45 நிமிடம் இருட்டறையில் படுக்க வையுங்கள். களைத்த பிறகு படுக்க வைப்பதில் பயனில்லை, களைப்பதற்கு முன்பே படுக்க வேண்டும். சாயங்காலம் டிவி வேண்டாம்.

பேசும்போது முன்னால் போய் நின்று, ஒரு வாக்கியத்தில் ஒரே விஷயம். சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பதில் வருவதற்குள் மறுபடி கேட்டால் அவருக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். "என்ன சாப்பிடுறீங்க?" என்பதைவிட "இட்லியா, தோசையா?" என்பது அவருக்கு எளிது. பார்க்க வருகிறவர்களை ஒரு நேரத்தில் இரண்டு பேர், 15 நிமிடம் என்று நிறுத்துங்கள். அண்ணாச்சி, மைனி யாரானாலும் சரி. "நான் யாருன்னு தெரியுதா?" என்று பரீட்சை வைக்க வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். "நான் உங்க சித்தப்பா மகன், தென்காசியில இருந்து வந்திருக்கேன்" என்று அவர்களே சொல்லட்டும்.

கோபம் ஏறிவிட்டால் நியாயம் பேசாதீர்கள், தொடாதீர்கள். குரலை இறக்கி இரண்டு கை தூரம் பின்னால் நகருங்கள். அவருக்கும் கதவுக்கும் நடுவில் நிற்க வேண்டாம். அடங்கிய பிறகு "இப்படிப் பண்ணீங்களே" என்று விசாரிக்காதீர்கள், பாதி அவருக்கு நினைவே இருக்காது. பிள்ளையை அவரோடு தனியே விட்டு நீங்கள் தண்ணீர் பிடிக்கப் போவது இப்போதைக்குக் கூடாது. அரிவாள், வெட்டுக்கத்தி, பைக் சாவி மூன்றையும் வீட்டைவிட்டு வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னும் ஒன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. மருந்துச் சீட்டில் லெவெடிராசெட்டம் இருக்கிறதா பாருங்கள். வலிப்புக்குத் தருகிற நல்ல மருந்துதான், ஆனால் சிலருக்கு அதுவே எரிச்சலையும் கோபத்தையும் கூட்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும். நோட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினால் வேறு மருந்துக்கு மாற்றுவார். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, வலி, தூக்கமின்மை இவையும் சொல்லத் தெரியாதவருக்குக் கோபமாகத்தான் வெளிவரும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அமைதி மாத்திரை வாங்கித் தருவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது மூளை தேறுவதையே மந்தமாக்கும்.

அப்பாவுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எஸ்டேட் லயம் வீடு, ஆஸ்பத்திரிக் கட்டில் கிடையாது. கஞ்சி ஊற்றும்போது சில சமயம் இருமுகிறார். எவ்வளவு, எப்படி ஊற்ற வேண்டும்? (வாசகர், வண்டிப்பெரியார்)

முதலில் தலைமாடு. 30 முதல் 45 டிகிரி சாய்வு வேண்டும். தலையணைகளை மட்டும் அடுக்கினால் கழுத்து மடங்கி, வயிறு அமுங்கி, கஞ்சி மேலே எதுக்களிக்கும். ஒரு மர நாற்காலியைக் கட்டிலின் தலைமாட்டில் கவிழ்த்து வையுங்கள். அதன் முதுகு சாய்தளம் மாதிரி நிற்கும். அதன்மேல் மெத்தையையோ மடித்த கம்பளியையோ போட்டால் இடுப்பிலிருந்து நேராகச் சாய்வு கிடைக்கும். கீழே சறுக்காமல் இருக்க முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை.

அடுத்தது குழாய் இருக்கும் இடம். மூக்கிலிருந்து வெளியே வரும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஒவ்வொரு தடவையும் ஊற்றுமுன் கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடியுங்கள், தொண்டையில் குழாய் சுருண்டு கிடக்கக்கூடாது. 50 மில்லி சிரிஞ்சால் மெல்ல உறிஞ்சினால் வயிற்று நீரோ பழைய கஞ்சியோ வரும். காற்றை ஊதி வயிற்றில் "குபுக்" சத்தம் கேட்பது போதாது. குழாய் நுரையீரலுக்குள் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். கோடு வெளியே வந்திருந்தால் நீங்களே உள்ளே தள்ளாதீர்கள், ஊற்றவும் ஊற்றாதீர்கள்.

ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. ஆஸ்பத்திரியில் வேறு அளவு எழுதித் தந்திருந்தால் அதுதான் கணக்கு. முதலில் 30 மில்லி தண்ணீர், பிறகு கஞ்சி, கடைசியில் 50 மில்லி தண்ணீர். சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டு, குழலை வயிற்றுக்கு மேல் ஒரு முழ உயரத்தில் பிடித்து, தானாக இறங்க விடுங்கள். 15 முதல் 20 நிமிடம் ஆகட்டும். தண்டை வைத்து அழுத்தி ஏற்றுவதும், கையை மேலே தூக்கி வேகமாக இறக்குவதும்தான் இருமலுக்கும் வாந்திக்கும் வழி. இருமினால் உடனே குழாயை மடித்துப் பிடித்து நிறுத்துங்கள். இருமல் அடங்கி, மூச்சு சீரானால் குழாய் இருக்கும் இடத்தை மறுபடி பார்த்துவிட்டுத் தொடரலாம். உதடு நீலமானாலோ மூச்சு வாங்கினாலோ 108. ஊற்றி முடித்து ஒரு மணி நேரம் சாய்வை இறக்காதீர்கள்.

கேப்பைக் கஞ்சி சூடாக இருக்கும்போது நீர்த்திருக்கும், மலைக் குளிரில் பத்து நிமிடத்தில் கூழாகிக் குழாயை அடைத்துவிடும். மெல்லிய துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றுங்கள். வெறும் கஞ்சியில் புரதம் போதாது, படுக்கையில் இருப்பவருக்குத் தசை கரைந்துவிடும், புண் ஆறாது. வேகவைத்த முட்டையை மிக்ஸியில் அடித்தது, மசித்து வடித்த பருப்பு, தயிர் கடைந்தது என்று மாற்றி மாற்றிச் சேருங்கள். மாத்திரைகளை ஒன்றாகப் பொடிக்காமல் ஒவ்வொன்றாகக் கரைத்து, இடையில் 10 மில்லி தண்ணீர் விடுங்கள். நேரம் நீடித்து வேலை செய்யும் மாத்திரையைப் பொடிக்கக்கூடாது, மருந்தாளரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபெனிடோயின் சிரப் இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் 1 முதல் 2 மணி நேரம் கஞ்சி வேண்டாம். கஞ்சியோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது, ஒழுங்காகக் கொடுத்தும் வலிப்பு வரும். அந்த இடைவெளிக்கு ஏற்றபடி வேளைகளைப் பிரித்துத் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

வாயால் சாப்பிடாவிட்டாலும் தினம் இரண்டு வேளை பல், நாக்கு, ஈறு துடைக்க வேண்டும். எச்சிலோடு கிருமி இறங்கித்தான் நிமோனியா வருகிறது. விழுங்கும் பரிசோதனை முடியும்வரை "நாக்குக்கு ருசியா ஒரு வாய் பாயசம்" கூடாது. இருமல்கூட வராமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

உங்கள் பஞ்சாயத்தில் வீட்டுக்கே வரும் பாலியேட்டிவ் நர்ஸ் இருப்பார். ஆஷா பணியாளரிடம் சொல்லிப் பெயர் பதிந்துகொண்டால் குழாய் மாற்றுவதைப் பற்றி அவரிடம் பேசிக்கொள்ளலாம். மலைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதி வையுங்கள்.

மாமனாருக்கு 71 வயது. மூன்று வாரத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். இப்போது நாளெல்லாம் தூங்குகிறார், ஒரு காலை இழுத்து நடக்கிறார். வயசாகிறது, ஓய்வு எடுக்கட்டும் என்று விட்டுவிடலாமா? (வாசகி, கம்பம்)

விடக்கூடாது. இவருக்கு இதழ் வரும்வரை காத்திருக்காமல் முன்பே பதில் அனுப்பிவிட்டோம். வயதானவர்களுக்கு மூளையின் மேலுறைக்கு அடியில் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வாரங்கள் கழித்து மூளையை அமுக்கும். ஆஸ்பிரின் அல்லது ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் எளிதாக. அன்றே மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். சிறிய துளை போட்டு ரத்தத்தை வடித்தால் பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுவார்கள். எந்த வயதினருக்கும் இதைச் சொல்கிறோம்: தேறிக்கொண்டிருந்தவர் புதிதாக மந்தமானால் அது ஓய்வு இல்லை. ரத்தக்கசிவு, மூளைநீர் தேக்கம், ரத்தத்தில் உப்பு குறைவது, தொற்று, தெரியாமல் வந்துபோகும் வலிப்பு, இவற்றில் எதுவோ ஒன்று. எழுப்பினாலும் சரியாக முழிக்காமல் இருந்தால் பஸ் பிடிக்காதீர்கள், 108.

தம்பிக்கு மண்டை எலும்பில் ஒரு பக்கம் எடுத்திருக்கிறார்கள், அந்த இடம் பள்ளமாக இருக்கிறது. கை கால் வராததற்கு உழிச்சில் (எண்ணெய் தேய்த்து உருவுவது), கிழி (சூடான மருந்து மூட்டை ஒற்றடம்), வர்மத் தடவல் எல்லாம் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், களியக்காவிளை)

மூளை வீங்கும்போது மண்டைக்குள் இடம் போதாமல் அமுங்கும் என்பதால் எலும்பைக் கழற்றி வைத்தார்கள். அந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். சிலருக்கு வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்திருப்பார்கள், சிலருக்கு ஆஸ்பத்திரி உறைபெட்டியில். வழக்கமாகச் சில மாதங்களில் திருப்பி வைப்பார்கள், கெட்டுப்போனால் டைட்டானியம் வலை. அதுவரை அந்தப் பக்கம் படுக்கக்கூடாது, எழுந்து நடமாடும்போதெல்லாம் ஹெல்மெட், குளியல் நாற்காலியில் உட்கார்ந்து. உட்காரும்போது அந்த இடம் மெத்தென்று கொஞ்சம் உள்வாங்கி இருப்பது இயல்பு. உட்கார்ந்திருக்கும்போதும் புடைத்து இறுகியிருந்தாலோ, ரொம்ப உள்வாங்கி, எழுந்தால் தலைவலி கூடி, கை கால் இன்னும் பலவீனமானாலோ உடனே அறுவை செய்த டாக்டரிடம் காட்டுங்கள்.

தலையிலும் கழுத்திலும் யாரும் கை வைக்க வேண்டாம். வர்மப் புள்ளி அழுத்துவது, தட்டுவது எதுவும் கூடாது. கை காலுக்கு எண்ணெய் தேய்த்து இதமாக நீவிவிடுவதில் தவறில்லை. ஆனால் மடங்கி இறுகிய முட்டியையும் முழங்கையையும் பலம்கொண்டு நீட்டக்கூடாது. தலைக்காயம் பட்டவர்களுக்கு மூட்டைச் சுற்றியுள்ள தசையில் புதிதாக எலும்பு வளரும் தன்மை உண்டு. அந்த மூட்டை முரட்டுத்தனமாக வளைத்தால் நிலைமை மோசமாகும். இடுப்போ முழங்கையோ வீங்கி, சூடாகி, நேற்று மடங்கிய அளவு இன்று மடங்கவில்லை என்றால் நீவுவதை நிறுத்தி எக்ஸ்ரே எடுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைத் தேய்க்கவே கூடாது. உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும். கிழி வைத்தால், உணர்ச்சி இல்லாத பக்கம் வெந்து கொப்பளிப்பது அவருக்கே தெரியாது. கஷாயமோ பஸ்மமோ உள்ளுக்குக் கொடுப்பதாக இருந்தால் வலிப்பு மருந்து எழுதுகிற டாக்டரிடம் பெயரைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

இதையெல்லாம்விட அதிகம் கெடுதல் செய்வது, வராத கையைப் பிடித்து ஆளைத் தூக்குவதுதான். தோள்பட்டைத் தசை தளர்ந்திருப்பதால் மூட்டு கீழே இறங்கி மாதக்கணக்கில் வலிக்கும். இடுப்பிலும் தோள் எலும்பின் பின்னாலும் கை கொடுத்துத் தூக்குங்கள். உட்காரும்போது அந்தக் கைக்கு அடியில் தலையணை.

அத்தான் பாலக்காட்டில் கடையில் வேலை பார்த்தவர். வீட்டில் தமிழ். விபத்துக்குப் பிறகு மலையாளம்தான் வாயில் வருகிறது, அதுவும் ஒவ்வொரு சொல்லாக. அக்கா தமிழில் கேட்டால் முழிக்கிறார். மலையாளத்தை நிறுத்தினால் தமிழ் வருமா? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி பேசுகிறவருக்குப் பேச்சுப் பகுதியில் அடிபட்டால் இரண்டும் சேர்ந்து திரும்புவதும் உண்டு, ஒன்று முந்துவதும் உண்டு. தாய்மொழிதான் முதலில் வர வேண்டும் என்ற விதி இல்லை. அவர் "வெள்ளம்" என்றால் உடனே தண்ணீர் கொடுங்கள். கொடுத்துக்கொண்டே "தண்ணி" என்று ஒரு தடவை நீங்கள் சொல்லுங்கள், அவரைச் சொல்லச் சொல்லாதீர்கள். "தண்ணின்னு சொன்னாத்தான் தருவேன்" என்று வைத்தால் நாலாம் நாள் வெள்ளமும் வராது.

அவருடைய ஆமா, இல்லையை நம்பலாமா என்று ஒருமுறை சோதியுங்கள். சீப்பைக் காட்டி "இது சீப்பா?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் கழித்து அதே சீப்பைக் காட்டி "இது கரண்டியா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் "ஆமா" என்றால் வாய்ப் பதிலை நம்பி மருந்தோ சாப்பாடோ முடிவு செய்யாதீர்கள். தட்டு, தண்ணீர், கழிப்பறை, வலி, படுக்கை என்று ஐந்து படம் ஓர் அட்டையில் ஒட்டி விரலால் காட்டச் சொல்லுங்கள். சாமி பாட்டு முழுசாக வரும், ஒன்று முதல் பத்து வரை தடையில்லாமல் வரும், வசவும் வரும், ஆனால் "பசிக்குது" வராது. நடிக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், பழகிப்போன தொடர்கள் மூளையில் வேறு வழியாக வருகின்றன. பேச்சுப் பயிற்சியாளரிடம் போகும்போது இரண்டு மொழியிலும் சோதிக்கச் சொல்லுங்கள். மலையாளத்தில் மட்டும் சோதித்தால் பாதிதான் தெரியும்.

வலிப்பு வந்தால் கையில் இரும்போ சாவியோ கொடுக்க வேண்டுமா? (வாசகர், செங்கோட்டை)

வேண்டாம். எத்தனையோ தடவை எழுதியும் இந்தக் கேள்வி வருகிறது, கேட்டதற்கு நன்றி. வலிப்பு தானாகவே ஓரிரு நிமிடத்தில் அடங்கும், அந்த நேரத்தில் சாவி கொடுத்திருந்தால் சாவியால் நின்றது போலத் தோன்றும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வாய்க்குள் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் கூடாது. 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108. செல்போனில் வீடியோ எடுத்துவைத்தால் டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

கூடலூர் எங்கள் ஊர். விபத்து நடந்தது குமுளி தாண்டி, கேரள எல்லைக்குள். இழப்பீட்டு வழக்கு அங்கே போய்த்தான் நடத்த வேண்டுமா? (வாசகர், தேனி மாவட்டம்)

தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பு குடியிருக்கும் இடம், இவற்றில் எந்த எல்லைக்குள் உள்ள தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். ஆனால் முதல் தகவல் அறிக்கையும் மகஸரும் அந்தப் போலீஸ் ஸ்டேஷனில்தான் கிடைக்கும், மலையாளத்தில் இருக்கும். சான்றிட்ட நகல் வாங்கி மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். 6 மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள். தேறட்டும் என்று காத்திருந்து நாள் தாண்டுகிறவர்கள் அதிகம். மனுவை முதலில் போட்டுவிட்டு, ஊனச் சான்றைப் பிறகு தாக்கல் செய்யலாம். இடித்த வண்டி தெரியவில்லை என்றால் அதற்குத் தனித் திட்டம் உண்டு, பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய்.

தலைக்காய வழக்கில் ஒரு சிக்கல்: ஆள் நடந்து வந்து கூண்டில் நிற்பார், கை கால் நன்றாக இருக்கும். மறதியும் கோபமும் கண்ணுக்குத் தெரியாது. நரம்பு உளவியல் பரிசோதனை அறிக்கை, ஸ்கேன் பிரதிகள், முதல் கேள்வியில் சொன்ன மாதிரியான தினசரி நோட்டு, உடன் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவரின் சம்பளச் சான்று, பிசியோதெரபிக்குப் போன ஆட்டோ ரசீது வரை சேர்த்து வையுங்கள். சின்னத் தொகைக்குச் சமரசக் கையெழுத்து கேட்டு வருகிறவர்களிடம், குறைந்தது ஒரு வருடம் கழித்துத்தான் நிரந்தரக் குறை எவ்வளவு என்று தெரியும் என்று சொல்லி அனுப்புங்கள்.

அண்ணன் லாரி டிரைவர். மூன்று மாதத்தில் நன்றாகிவிட்டேன், வண்டி எடுக்கிறேன் என்கிறார். (வாசகர், வாளையார்)

டாக்டர் எழுதித் தரும்வரை கூடாது, வீட்டு பைக்கும் சேர்த்துத்தான். நன்றாகிவிட்டேன் என்று அவர் நம்புவது பொய்யில்லை. தன் குறையைத் தானே காணும் திறனும் சேர்ந்து அடிபட்டிருக்கலாம். பக்கவாட்டுப் பார்வை, வலிப்பு, ஒரே நேரத்தில் இரண்டைக் கவனிப்பது மூன்றையும் சோதிக்க வேண்டும். உரிம விண்ணப்பத்திலேயே வலிப்பு, திடீர் மயக்கம் உண்டா என்று கேட்கிறார்கள், மறைத்து ஓட்டி ஏதாவது ஆனால் காப்பீடும் சிக்கலாகும். "உனக்கு முடியாது" என்று சொன்னால் சண்டைதான் வரும். "டாக்டர் சீட்டு கொடுக்கட்டும், அன்னைக்கே எடு" என்று பொறுப்பை டாக்டர் பக்கம் தள்ளுங்கள். அதுவரை கிளீனரோடு லோடு கணக்குப் பார்க்கும் வேலையில் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் இரண்டு மணி நேரம் என்று பழக்குங்கள். மது ஒரு சொட்டும் வேண்டாம், காயம்பட்ட மூளைக்குக் கொஞ்சமே அதிகம், வலிப்பையும் இழுத்துவரும். சாம்பார் தீய்வது அவருக்கு மூக்கில் ஏறுகிறதா என்றும் பாருங்கள். தலைக்காயத்தில் வாசனை நரம்பு அறுந்துபோவது உண்டு. வாசனை தெரியவில்லை என்றால் கேஸ் அடுப்பை அவர் தனியே பற்றவைக்க வேண்டாம், ராத்திரி சிலிண்டர் வால்வை மூடுகிற வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.